புல்வெளியில் மரம் நடலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் தளத்தைச் சில ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. கொஞ்சம் கோபத்தோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பெருந்துறையில் ஜவுளித் தொழில் செய்கிறேன். நண்பர்கள் சேர்ந்து ஆண்டுதோறும் மழைக்கு முன்னால் மரக்கன்று நடுகிறோம். பள்ளிக்கூடம், குளக்கரை, கோயில் நிலம் என்று இதுவரை எங்கள் வட்டாரத்திலேயே நட்டோம். இந்த ஆண்டு நீலகிரியில் நடலாம் என்று முடிவு செய்து பணமும் திரட்டிவிட்டோம். இடம் பார்ப்பதற்காக அவலாஞ்சிப் பக்கம் போனபோது நான் கண்டது என்ன தெரியுமா? நெடுநெடுவென்று வளர்ந்த மரங்களை வெட்டிச் சாலையோரம் அடுக்கி வைத்திருந்தார்கள். கேட்டால், "சீகை மரம் ஐயா, வெளிநாட்டு மரம், அகற்றச் சொல்லி உத்தரவு" என்றார்கள். அதற்கு மேலே மலைகள் எல்லாம் மொட்டையாக, வெறும் புல்லாகக் கிடக்கின்றன. அங்கே மரம் வைக்க ஆளில்லை, இருக்கிற மரத்தை வெட்ட மட்டும் ஆளிருக்கிறது. உலகமே சூடாகிறது, மரம் நடுங்கள் என்று ஒருபக்கம் பிரச்சாரம் செய்கிறார்கள். மறுபக்கம் இப்படி!

இன்னொன்றும் கேட்க வேண்டும். பருவநிலை மாற்றத்தால் உயிரினங்கள் அழிகின்றன என்று நீங்களும் அடிக்கடி எழுதுகிறீர்கள். பூமி எத்தனையோ முறை சூடாகியும் குளிர்ந்தும் வந்திருக்கிறது. பனியுகம் வந்தது, போனது. உயிர்கள் பிழைத்துக்கொள்ளவில்லையா? மலையில் குளிர் குறைந்தால் புல் இருந்த இடத்தில் காடு வளரும். அது நல்லதுதானே? இந்த ஜனவரியில்கூட உதகை அருகே தலைகுந்தாவில் உறைபனியைப் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. வெப்பம் எங்கே வந்தது? வரையாடுகளின் எண்ணிக்கை கூடியிருக்கிறது என்று அரசே சொல்கிறது. அப்புறம் ஏன் இந்த ஒப்பாரி?

திரட்டிய பணம் கையில் இருக்கிறது. நண்பர்கள் கேட்கிறார்கள். நேரடியாக ஒரு பதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
க., பெருந்துறை

*

அன்புள்ள க. அவர்களுக்கு,

நேரடியான பதில்: அந்தப் பணத்தில் நீலகிரிப் புல்வெளியில் ஒரு கன்றுகூட நடாதீர்கள். அனுமதியில்லாமல் வனத்துறை நிலத்தில் நடவும் முடியாது என்பது வேறு விஷயம். அனுமதி கிடைத்தாலும் நடாதீர்கள் என்கிறேன். காரணம் சொல்ல வேண்டும், சற்று நீளும்.

நீங்கள் மொட்டை என்று சொன்ன மலைகளிலிருந்தே தொடங்குகிறேன். அவலாஞ்சி, அப்பர் பவானி, முக்குருத்தி வட்டாரங்களில் மலைச்சரிவுகள் புல்லாக இருக்கும். இரண்டு சரிவுகள் சேருகிற மடிப்புகளில் மட்டும் கரும்பச்சையாக, குட்டை மரங்கள் நெருங்கிய சோலை இருக்கும். இதை எல்லோரும் புகைப்படத்தில் பார்த்திருக்கிறோம். அருகே போய்ப் பார்க்க வேண்டியது அந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள எல்லை. காடு மெல்ல மெல்லக் குறைந்து, புதராகி, பிறகு புல்லாகும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அப்படி இருக்காது. ஒரு காலைப் புல்லில் வைத்து மறு காலைச் சோலைக்குள் வைக்கலாம். வெளியே காற்று, கண் கூசும் வெயில். உள்ளே பாசி போர்த்திய கிளைகள், இருட்டு, கால் புதையும் ஈரச் சருகு. மழை இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். சோலை மரத்தின் விதைகளைப் பறவைகள் புல்லிலும் போடுகின்றன, அவை முளைக்கவும் செய்கின்றன. இருந்தும் மரம் எல்லை தாண்டுவதில்லை. ஏன்?

டிசம்பர், ஜனவரியின் தெளிந்த இரவுகளில்தான் விடை இருக்கிறது. மேகம் இல்லாத இரவில் தரை தன் சூட்டை முழுக்க வானத்துக்கு விட்டுவிடுகிறது. ஆள் உயரத்தில் வெப்பமானி மூன்று, நான்கு டிகிரி காட்டும்போதே புல் நுனியில் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். சோலைக்குள் இலைக்கூரை அந்தச் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதால் அங்கே உறைபனி விழுவதில்லை. புல்லுக்கு நடுவே முளைத்த சோலைக் கன்றின் நிலையை எண்ணிப் பாருங்கள். இலைக்குள் இருக்கும் நீர் உறைகிறது. விடிந்ததும் மலை உச்சிக்கே உரிய சுள்ளென்ற வெயில் அதே இலைமேல் விழுகிறது. உறைபனிக்கு மறுநாள் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்துகள் கருகி நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, அதே கதிதான் கன்றுக்கும். சில இரவுகள் இப்படித் தொடர்ந்தால் அது தாங்காது. புல்லுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதன் குருத்து தூருக்குள் தரையோடு பதுங்கியிருக்கும். மேலே தாள் காய்ந்து பழுப்பாகும், கோடை மழை விழுந்ததும் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும்.

இதைக் கன்றுகளை நட்டே சோதித்திருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான புல்வெளிகளில் சோலை மரக் கன்றுகளையும் சீகைக் கன்றுகளையும் நட்டு, சிலவற்றுக்குச் சுற்றிலும் வெப்பத்தைச் சிறிது கூட்டிப் பார்த்த ஆய்வு ஒன்று 2020இல் வெளியானது. சோலைக் கன்றுகளைத் தடுப்பது உறைபனி என்பதும், சீகைக் கன்றுகள் அவற்றைவிட அதை நன்றாகத் தாங்குகின்றன என்பதும் அதில் தெரிந்தன. உள்ளூர் மரங்களிலும் விதிவிலக்கு உண்டு. புல்வெளி நடுவே தன்னந்தனியாகச் சிவப்புப் பூக்களோடு நிற்கும் காட்டுப் பூவரசைப் பார்த்திருப்பீர்கள். பனிக்கும் தீக்கும் அசராத மரம் அது.

ஆக, அந்தப் புல்வெளி யாரோ காட்டை வெட்டியதால் உண்டான தரிசு நிலம் இல்லை. குளிர் காவல் காத்து வைத்திருக்கும் நிலம். வெள்ளைக்காரர்களின் வருவாய்க் கணக்கில் இத்தகைய நிலங்கள் எல்லாம் பயனற்றவை என்று பதிவாயின. அந்தப் பார்வை இன்னும் நம்மை விடவில்லை. நீலகிரியின் பழங்குடிகளான தொதவர்களின் (தோடர்கள்) எருமைகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்த நிலம் அது. அவர்களுடைய கோயில்களுக்கு வேய்கிற ஒருவகைப் புல் அந்தப் பள்ளங்களின் சதுப்பில்தான் விளைகிறது. இதெல்லாம் எந்தக் கணக்கேட்டிலும் ஏறவில்லை.

இப்போது உங்கள் பனியுகக் கேள்வி. அது நல்ல கேள்வி, அதற்கு நீலகிரியிலேயே பதில் புதைந்திருக்கிறது. புல்வெளிப் பள்ளங்களில் பாதி மக்கிய தாவரங்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்து கருஞ்சேறாகிக் கிடக்கின்றன. புல்லின் உடலில் சேரும் கரிமத்துக்கும் மரத்தின் உடலில் சேரும் கரிமத்துக்கும் சிறிய வேறுபாடு உண்டு. அதை அளந்தால் எந்தக் காலத்தில் புல் அதிகம், எந்தக் காலத்தில் மரம் அதிகம் என்று சொல்லிவிடலாம். சூழலியலாளர் ராமன் சுகுமாரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1993இல் இதைச் செய்து காட்டினார்கள். சுமார் இருபதாயிரம் ஆண்டு வரலாறு அந்தச் சேற்றில் இருந்தது. நீங்கள் சொன்னது சரிதான். குளிர்ந்து வறண்ட காலங்களில் புல் பரவியிருக்கிறது, ஈரமும் வெம்மையும் கூடிய காலங்களில் சோலை ஏறியிருக்கிறது. இரண்டும் இறங்கி ஏறி விளையாடியிருக்கின்றன, இரண்டுமே பிழைத்திருக்கின்றன.

ஆனால் அந்த ஏற்ற இறக்கங்களுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடைத்தன. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டால் பூமியின் சராசரி வெப்பம் இன்று ஒரு டிகிரிக்கு மேல் கூடிவிட்டது, அதில் பெரும்பகுதி கடந்த ஐம்பது ஆண்டுகளில் கூடியது. ஒரு சோலை மரம் முதிர்ந்து விதை போட எடுத்துக்கொள்ளும் காலத்தோடு இதை வைத்துப் பாருங்கள். மேலும் அன்று மலையில் தேயிலைத் தோட்டம் இல்லை, அணை இல்லை, நகரம் இல்லை, சீகை இல்லை. புல் பின்வாங்க இடம் இருந்தது, சோலை நடந்து போக வழி இருந்தது. இன்று குளிர் விலகினால் அந்த இடத்துக்கு யார் முதலில் வருவார்கள் என்று நினைக்கிறீர்கள்? சோலை வராது. சோலை மரங்கள் நிதானமாக வளர்பவை, நிழலில் பிறந்து பழகியவை. வாசலிலேயே காத்துக்கொண்டிருப்பது சீகை.

சீகையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், நீங்கள் அதற்காகத்தானே கோபப்பட்டீர்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்காகக் கொண்டுவந்தார்கள். கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) அப்படியே வந்தது. நாடு விடுதலை அடைந்த பிறகு, தோல் பதனிடப் பட்டை வேண்டும், ஆலைகளுக்குக் கூழ்மரம் வேண்டும் என்று நம் வனத்துறையே புல்வெளிகளில் பெரிய அளவில் நட்டது. பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு காணாமல் போயிற்று என்று செயற்கைக்கோள் படங்களை வைத்துக் கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த இழப்பை வெப்பத்தின் கணக்கில் எழுதக்கூடாது. அது நாம் நட்ட மரங்களாலும் விவசாயத்தாலும் நேர்ந்தது. ஆனால் நடுவதை நிறுத்திய பிறகும் சீகை நிற்கவில்லை. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உறங்கும். தீ பட்டாலோ வெளிச்சம் பட்டாலோ கூட்டமாக எழும். காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தனக்கு வேண்டிய உரத்தைத் தானே செய்துகொள்ளும். கடும் உறைபனிதான் அதன் வேகத்தைக் கொஞ்சமாவது மட்டுப்படுத்தியது. இரவுகள் வெதுவெதுப்பாகும்போது அந்தத் தடையும் தளர்கிறது. காற்றில் கூடியிருக்கும் கரியமில வாயுவும் புல்லைவிட மரத்துக்கே அதிகம் உதவுகிறது. நாம் ஆரம்பித்து வைத்ததை வெப்பம் சம்பளம் வாங்காமல் தொடர்கிறது. உங்கள் நண்பர்கள் அங்கே கன்று நட்டால் அதே வேலைக்குக் கைகொடுப்பதாகத்தான் ஆகும், எவ்வளவு நல்ல மனதோடு நட்டாலும்.

உயிர்கள் மேலே ஏறிப் பிழைத்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். ஏறுகின்றன. உலகெங்கும் மலைவாழ் பறவைகளும் பூச்சிகளும் செடிகளும் ஏறிக்கொண்டிருப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். எதுவரை ஏறுவது என்பதுதான் கேள்வி. ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறு டிகிரி குறையும். அப்படியானால் ஒரு டிகிரி வெப்பம் கூடும்போது அதே குளிரைத் தேடி ஏறக்குறைய 160 மீட்டர் ஏற வேண்டும். உதகை நகரம் சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நீலகிரியின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். நடுவில் இருப்பது நானூறு மீட்டர்தான். இரண்டரை டிகிரி கூடினால் இன்றைக்கு உதகைப் பேருந்து நிலையத்தில் இருக்கும் குளிர்தான் தொட்டபெட்டா உச்சியில் இருக்கும். இன்று உச்சியில் இருக்கும் குளிர் நீலகிரியில் எங்குமே இருக்காது. ஏற ஏற நிலத்தின் பரப்பும் சுருங்குகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெள்ளம் ஏறுகிற வீட்டில் மொட்டைமாடிக்குப் போய் நிற்பவரிடம் "இன்னும் கொஞ்சம் மேலே போங்கள்" என்று சொல்ல முடியுமா?

பெரு நாட்டில் 1,400 மீட்டரை ஒட்டிய ஒரு மலைமுகட்டில் 1985இல் எந்த உயரத்தில் எந்தப் பறவை என்று பட்டியல் எடுத்தார்கள். 2017இல் அதே வழியில் ஏறி மறுபடி பார்த்தார்கள். இடைப்பட்ட காலத்தில் கூடிய வெப்பம் அரை டிகிரிகூட இல்லை. பறவைகள் பொதுவாக மேலே நகர்ந்திருந்தன. முன்பு முகட்டின் உச்சியில் மட்டும் இருந்த பறவைகளில் சிலவற்றை இரண்டாம் முறை அங்கே காணவே முடியவில்லை. அந்தக் காட்டை யாரும் வெட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நம் மலைகளில் இது இன்னும் சிக்கலானது. நீலகிரியும் ஆனைமலையும் வரைபடத்தில் ஒரே தொடராகத் தெரிகின்றன. குளிரில் வாழும் ஒரு சிறு பறவைக்கு அவை இரண்டு தீவுகள். நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. நமக்கு அரைமணி நேரப் பயணம், அந்தப் பறவைக்குத் தாண்ட முடியாத வெயில் கடல். அதனால்தான் கணவாய்க்கு வடக்கே ஒருவகைச் சிரிப்பான் பறவை இருக்கிறது, தெற்கே வேறு வகை. செங்கோட்டைக் கணவாயையும் தாண்டி அகத்திய மலைப் பக்கம் போனால் இன்னொன்று. சோலைத் தரையில் ஒளிந்து திரியும் நீலநிறச் சிறு பறவைகளும் இப்படித்தான் மலைக்கு மலை பிரிந்து வேறு வேறு இனங்களாகிவிட்டன. இவற்றின் மரபணுவை ஆராய்ந்து, இவை உலகில் வேறெங்கும் இல்லாத தனிப் பேரினங்கள் என்று 2017இல்தான் அறிவித்தார்கள். நீலகிரிக் குளிர் போய்விட்டால் நீலகிரிச் சிரிப்பான் இமயமலைக்குக் குடிபெயராது. கீழே இறங்கித்தான் போக வேண்டும், இறங்கினால் வெப்பம்.

ஒரு தவளையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அதன்மேல் தனிப்பட்ட பிரியம். தென்னிந்தியாவின் உச்சி ஆனைமுடி, 2,695 மீட்டர். அதைச் சுற்றிய இரவிகுளம் தேசியப் பூங்காவின் உயர்ந்த புல்வெளியில் குட்டை மூங்கில் புதர்கள் உண்டு. அந்தப் புதர்களின் அடியில் பளிச்சென்ற செம்மஞ்சள் நிறத்தில், உடலெங்கும் சிறு கொப்புளங்கள் போன்ற சுரப்பிகளோடு ஒரு தவளை வாழ்கிறது. 2010இல்தான் அறிவியல் அதற்குப் பெயரிட்டது. இதன் முட்டையிலிருந்து தலைப்பிரட்டை வராது. மூங்கில் தூரின் ஈரத்தில் இட்ட முட்டைக்குள்ளேயே முழு வளர்ச்சியும் முடிந்து குட்டித் தவளையாகவே வெளியே வரும். குளம் வேண்டாம், ஓடை வேண்டாம். வேண்டியதெல்லாம் முட்டை காயாமல் பார்த்துக்கொள்ளும் மூடுபனியும் குளிரும். அந்தக் குளிர் இருக்கும் கடைசிப் படியில்தான் அது ஏற்கெனவே நிற்கிறது. பூங்கா பாதுகாக்கப்பட்டது, நன்றாகப் பராமரிக்கப்படுவதும்கூட. வேலி போட்டு மரத்தைக் காக்கலாம், வேட்டையைத் தடுக்கலாம். குளிருக்கு எப்படி வேலி போடுவது?

வரையாட்டுக்கு வருகிறேன். நீங்கள் சொன்ன செய்தி உண்மை. தமிழ்நாட்டுக் கணக்கெடுப்பில் 2024இல் 1,031 வரையாடுகள் இருந்தன, 2025இல் 1,303. மகிழ்ச்சியான செய்திதான். நம் மாநில விலங்குக்கென்று 2022இல் அரசு தனித் திட்டமே அறிவித்தது, அதற்குப் பலன் கிடைப்பது நல்லது. ஓராண்டில் கூடிய எண்ணிக்கை முழுவதும் குட்டிகள் என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். மலையில் ஆடு எண்ணுவது மந்தையில் ஆடு எண்ணுவதுபோல் எளிது இல்லை. மூடுபனி இறங்கினால் எதிரே நிற்கும் மந்தையே தெரியாது. அதைவிட முக்கியம், அந்த ஆடுகள் எங்கே நிற்கின்றன என்பது. வரையாடு புல் மேய்வது. சிறுத்தை வந்தால் தூரத்திலேயே கண்டுகொண்டு செங்குத்துப் பாறைக்குத் தாவிவிடும், அதுதான் அதன் பாதுகாப்பு. நடுவே சீகை வளர்ந்து கண்ணை மறைத்தால் மேய்ச்சலும் போகிறது, காவலும் போகிறது. நீங்கள் மரம் வைக்க நினைத்த சரிவு வரையாட்டின் மேய்ச்சல் நிலமாக இருந்திருக்க நல்ல வாய்ப்பிருக்கிறது.

தலைகுந்தா உறைபனி பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. அந்த உயரத்தில் உறைபனிக்குத் தெளிந்த, காற்றடங்கிய ஒரு குளிரிரவு போதும். சராசரி கூடிய பிறகும் அப்படிப்பட்ட இரவுகள் வரும், வெண்மையாகப் படியும், நாமும் வண்டி கட்டிக்கொண்டு போய்ப் படம் எடுப்போம். ஒரு கன்று சாக எத்தனை இரவுகள் தொடர்ந்து உறைய வேண்டும், அத்தனை இரவுகள் இன்னும் வருகின்றனவா என்பதே புல்வெளிக்கு முக்கியம். பனிக்காலம் தள்ளிப்போய், இரண்டு மூன்று ஆண்டுகள் தடை இல்லாமல் வளர்ந்துவிட்டால் சீகை உறைபனிக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். அதற்குப் பிறகு எவ்வளவு கடும் பனி விழுந்தாலும் அதற்குக் கவலை இல்லை.

மரம் வெட்டுவதைப் பற்றிய உங்கள் கோபத்தில் ஒரு பாதி எனக்கும் உண்டு. அந்நிய மரங்களை அகற்றும்படி சென்னை உயர் நீதிமன்றம் பல ஆண்டுகளாக வலியுறுத்தி வருகிறது. 2022இல் மாநில அரசும் அதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. கொள்கை நல்லது. களத்தில் பல இடங்களில் நடப்பது மரத்தை வெட்டி லாரியில் ஏற்றுவது மட்டும்தான். வெட்டிய இடத்தில் வெளிச்சம் பட்டதும் உறங்கிய விதைகள் எல்லாம் விழித்துக்கொள்கின்றன. முன்பு நூறு மரம் நின்ற இடத்தில் அடுத்த மழைக்கு நுழைய முடியாத சீகை நாற்றங்கால் உருவாகிவிடுகிறது. அதை ஆள் வைத்துக் கையால் பிடுங்க வேண்டும், அடுத்த ஆண்டும் பிடுங்க வேண்டும், அதற்கு அடுத்த ஆண்டும். நாட்டுப் புல்லின் தூர்களைப் பிரித்து நட்டு அது மூடும்வரை காத்திருக்க வேண்டும். இந்த வேலைக்கு மரத்தைப் போல விலை கிடைக்காது என்பதால் இதில் யாருக்கும் அவசரம் இல்லை. வெட்டியதையே மீட்டெடுப்பு என்று அறிக்கை எழுதிக் கணக்கை முடித்துவிடுகிறார்கள். இன்னொன்று, கொடைக்கானல் பக்கம் பழைய சீகைத் தோப்புகளின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமாகவே வளர்ந்து வருவதைப் பார்க்கலாம். பனி இல்லாத நிழல் அவற்றுக்குக் கிடைத்துவிட்டது. அங்கே போய்க் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால் வருகிற சோலையும் போய்விடும். எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்பதை இடம் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஒரே உத்தரவில் இரண்டு மலைகளையும் அடக்கக் கூடாது.

கார்பனுக்காகவாவது மரம் நல்லதில்லையா என்று உங்கள் நண்பர்கள் கேட்பார்கள். புல்வெளி தன் கார்பனைப் பெரும்பாலும் மண்ணுக்குள் வைத்திருக்கிறது. தீ வந்தால் மேலே உள்ள தாள் எரியும், கீழே உள்ளது பத்திரமாக இருக்கும். கற்பூர மரத் தோப்பு எரிந்தால் என்ன ஆகும் என்று கோடையில் செய்தித்தாளைப் பார்த்தால் தெரியும்.

பெருந்துறைக்காரர் என்ற முறையில் உங்களுக்கு இதில் சொந்தக் கணக்கும் ஒன்று இருக்கிறது. பவானி ஆறு பிறப்பது அந்த அப்பர் பவானிப் புல்வெளிகளிலும் சோலைகளிலும்தான். கேரளத்தின் அட்டப்பாடி வழியாகச் சுற்றிவந்து, பவானிசாகரில் மோயாற்றோடு சேர்ந்து, கீழ்பவானி வாய்க்காலாக உங்கள் பக்கம் வருகிறது. இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் அதை நம்பியிருக்கிறது. நீலகிரியில் கிளன்மார்கனில் அடுத்தடுத்த இரண்டு சிறு ஓடைப் படுகைகளை எடுத்து, ஒன்றைப் புல்லும் சோலையுமாக அப்படியே விட்டு, மற்றொன்றில் கற்பூர மரம் நட்டு, ஓடையில் வரும் நீரை நீண்ட காலம் அளந்தார்கள். மரம் நட்ட படுகையில் ஓடை நீர் குறைந்தது. ஆண்டு முழுக்க நீரை உறிஞ்சும் மரத்தைப் புல் இருந்த இடத்தில் வைத்தால் வேறென்ன நடக்கும்? மழை தவறும் ஆண்டுகள் அடிக்கடி வருகிற காலத்தில், மலையில் தேங்கிக் கசிந்து வரும் கோடை நீரையும் நாமே குறைத்துக்கொள்வது புத்திசாலித்தனமாகத் தெரியவில்லை.

பணத்துக்கு வழி கேட்டீர்கள். மலைக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்றால், நாட்டுப் புல் நாற்றங்கால் வளர்ப்பவர்களும், சீகை நாற்றுப் பிடுங்கும் கூலியாட்களுக்குச் சம்பளம் தேடுபவர்களும் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இருக்கிறார்கள். விசாரித்து, வேலையை நேரில் பார்த்துவிட்டுக் கொடுங்கள். உங்கள் பெயரில் பலகை வைக்க அங்கே ஒன்றும் இருக்காது, நண்பர்களிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மரம்தான் நட வேண்டும் என்றால் உங்கள் ஊரிலேயே இடம் நிறைய இருக்கிறது. வாய்க்கால் கரைக்கு நீர்மருதும் புங்கனும், ஊர்ப் பொதுவிடத்துக்கு இலுப்பையும் வேம்பும் வையுங்கள். உங்கள் வெயிலுக்கு அவைதான் நிழல். மலைப்பாதையில் காரை நிறுத்தி விதைப்பந்து வீசுகிற வழக்கம் உங்கள் குழுவில் இருந்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள். எந்த விதை எங்கே போய் விழுகிறது என்று வீசுபவருக்கே தெரியாது.

இவ்வளவு சொல்லியும் புல்வெளியை மரமில்லாத வெற்றிடமாகப் பார்க்கும் பழக்கம் நண்பர்களுக்குப் போகவில்லை என்றால் ஒரு காரியம் செய்யுங்கள். காங்கேயம் சாலையில் கொஞ்ச தூரம் போனால் கிளுவை வேலி போட்ட கொறங்காடுகள் என்கிற மேய்ச்சல் நிலங்கள் இருக்கின்றன. கொழுக்கட்டைப் புல்லும், இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்வேல மரமும், நடுவே காங்கேயம் மாடுகளும் நிற்கும். அந்தக் காட்டுக்காரரிடம் போய், "ஐயா, உங்கள் நிலம் வெறும் புல்லாகக் கிடக்கிறது, நாங்கள் இலவசமாக முழுக்க மரம் வைத்துத் தருகிறோம்" என்று சொல்லிப் பாருங்கள். அவர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். பிரசுரிக்கக் கூடியதாக இருந்தால் பிரசுரிக்கிறேன்.

அன்புடன்